கொசுறு

பத்துமி மீன் சந்தையில்
மாக்வாலா எனக்குப் போடும் நெத்திலியில்
எப்போதும் ஒரு பிடி கூடுதல்.
தராசு முள் நின்ற பிறகு,
காசு கைமாறிய பிறகு,
பொட்டலத்தை மடிக்கும் முன்
ஒரு பிடி.
கொடுத்துவிட்டு ஈரக்கையால் என் நெற்றியைத் தொடுவாள்.
அங்கே ஒரு பள்ளம்,
தலைமுடிக்குள் தொடங்கி
இடது புருவத்தைப் பிளந்து
மூக்கோரம்வரை.

அவள் மகன் பெஸிக் போருக்குப் போனவன்.
தொண்ணூற்று மூன்று, இலையுதிர்காலம்.
உடல்கூடத் திரும்பவில்லை.

நான் போருக்குப் போகவில்லை.
பன்னிரண்டு வயதில் ஒரு காலை
நெற்றியில் தந்தநிறக் கோடு.
அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.
கோடு இறுகியது, இறங்கியது,
தோலடிக் கொழுப்பைத் தின்றது,
எலும்பையும் கொஞ்சம் நக்கிப் பார்த்தது.
பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு இட்ட பெயர் வாள்வெட்டு.
வாள் கிடையாது. எதிரி கிடையாது.
என் உடம்பே என்மேல் வீசியதாம்.
ஏனென்று கேட்டால்
மருத்துவர்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்கள்.

பட்டாளத்தில் 'தகுதியற்றவன்' என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள்.
முத்திரையை யார் பார்த்தார்?
முகத்தைத்தான் பார்த்தார்கள்.
டாக்ஸிக்காரர்கள் காசு வாங்க மறுத்தார்கள்.
கல்யாண விருந்துகளில் முன்பின் தெரியாதவர்கள்
மது வழியும் கொம்பை என் பக்கம் உயர்த்தினார்கள்.
ஆமாம் என்று ஒருமுறையும் சொன்னதில்லை நான்.
இல்லை என்றும்.
விழுப்புண் தானே பேசிக்கொள்ளும்,
அதற்கு ஆள் எதற்கு?
என்னுடையதும் பேசியது.
நான் குடித்தேன்.

நாற்பத்தொன்பதில் திபிலிசிக்கு ரயில் ஏறினேன்.
"ஏன் இப்போது?" என்றார் டாக்டர் எத்தெரி.
விருந்துக்குப் போகப் பயமாக இருக்கிறது என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
நோய் உறங்கிப் பல வருடமாயிற்று, நிரப்பலாம் என்றார்.
நெற்றியில் பென்சிலால் ஓர் ஓடை வரைந்தார்,
ரத்தக்குழாய் போகும் வழி:
"இங்கே தவறினால் கண்."
கையெழுத்துப் போட்டேன்.

மரத்துப்போக ஒன்று.
பிறகு முனை மழுங்கிய நீள ஊசி.
எலும்போடு ஒட்டிக்கிடந்த தோல் பிரிந்தபோது
எனக்குள்ளே சத்தம் கேட்டது,
மழையில் ஊறிய சுவரொட்டியை உரிப்பதுபோல.
அப்புறம் தெளிந்த ஜெல், ஒரு மில்லிக்கும் குறைவு.
விரல்நுனியால் தடவித் தடவிப் படியவைத்தார்.
முப்பத்தேழு வருடத்துப் பள்ளத்துக்கு
ஒரு தேக்கரண்டிகூடத் தேவைப்படவில்லை.
அதில்தான் எனக்குக் கோபம் வந்தது.

"மீதி அடுத்த மாதம்.
தலையில் அந்தக் கோட்டில் முடி முளைக்காது.
ஒன்றரை வருடத்தில் இது கரையும், மறுபடி வாருங்கள்."

ஊர் திரும்பினால் மழை.
இத்தனை நாள் பள்ளத்தோடு இறங்கி
வாயோரம் சொட்டிய தண்ணீர்
வழி தெரியாமல் கண்ணுக்குள் போனது.

சனிக்கிழமை.
மாக்வாலா எடை போட்டாள்.
முள் நின்றது. காசை வாங்கினாள். மடித்தாள்.
எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள்.

நான் நகரவில்லை.
"முர்மான்" என்றேன்.
தொப்பியைக் கழற்றினேன்.
முடியில்லாத கோட்டை வைத்துக் கண்டுகொண்டாள்.
மீன்செதில் ஒட்டிய கட்டைவிரல்
பழைய இடத்துக்கு வந்து
அழுத்திப் பார்த்தது.
"எங்கே போயிற்று?"

சொன்னேன்.
போர் இல்லை என்று. நோய் என்று.
எந்த ஊருக்கும் நான் போகவில்லை என்று.
வரிசையில் யாரோ இருமினார்கள்.

விரலை எடுக்காமலே கேட்டாள்:
"வலித்ததா?"

அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.
ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது.
"இல்லை" என்றேன். "வரும்போது வலிக்காது அது."

"வலிக்கவில்லையா" என்றாள்
கடல் இருக்கும் பக்கம் பார்த்து.
"நல்லது. வலிக்கவில்லை."

பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு
அடுத்தவருக்கு மீன் அள்ளினாள்.

வீட்டுக்கு வந்து எடை பார்த்தேன்.
சரியாக அரைக் கிலோ.